கைப்பேசிப் பெட்டியில் ஒரு பேய் பங்களா

பேய் பங்களா பொம்மை செய்பவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மண்டை ஓடு, வௌவால், சிலந்தி, சுவரில் வழியும் பச்சைப் பெயின்ட். எல்லாவற்றையும் ஒட்டி முடித்துப் பார்த்தால் அலங்காரம் இருக்கும், பயம் இருக்காது. மேலைநாடுகளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ஹாலோவீனுக்காக நான் செய்த இந்தப் பங்களாவை வீட்டிலிருந்து தொடங்கினேன். முதலில் யாரோ ஆசை ஆசையாகக் கட்டிய வீடாக அதைக் கட்டுவது. பிறகு, ஆளில்லாத வீட்டை மழையும் வெயிலும் எந்த வரிசையில் அழிக்குமோ அதே வரிசையில் அழிப்பது. இந்த விதியைக் கடைசிவரை விடவில்லை.

எடுத்துக்கொண்டது ஒரு பழைய கைப்பேசிப் பெட்டி. மூடி 16 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம். இந்த மாதிரிப் பெட்டிகள் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கெட்டி அட்டையில் செய்யப்படுகின்றன. பசை ஈரத்துக்குச் சட்டென்று வளையாது. பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டியிலும் செய்யலாம், ஆனால் உள்ளே குறுக்கு அட்டைகள் கொடுத்து விறைப்பாக்க வேண்டியிருக்கும். மூடியைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் திறந்த பக்கம் வீட்டின் முதுகாகிவிடுகிறது. விளக்கு, ஒயர் எல்லாவற்றையும் பின்பக்கமிருந்து கை விட்டு வேலை பார்க்கலாம். அடிப்பெட்டியின் உயரத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தேன். அதுதான் தரை, பேட்டரிக்கும் அதற்குள்ளேயே இடம் கிடைத்தது.

வெட்டுவதற்கு முன்னால் அளவு விகிதம் ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். பொம்மை வீடுகளுக்கு 1:12, அதாவது நிஜத்தில் 12 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ., என்பது வழக்கமான விகிதம். இந்தப் பெட்டிக்கு அது ஒத்துவராது, ஒரு கதவு வைத்தாலே பெட்டி நிறைந்துவிடும். 1:48 சரியாக இருந்தது. அதில் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி 62 மி.மீ., 2.1 மீட்டர் கதவு 44 மி.மீ., 170 செ.மீ. ஆள் 35 மி.மீ. இரண்டு மாடி போக மேலே மூன்றரை செ.மீ. மிஞ்சியது. கூரைக்கு அது போதும். எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் செய்தால் கண் அதை வீடு என்று நம்புகிறது. கதவு ஒரு விகிதம், பூசணிக்காய் ஒரு விகிதம் என்று போனால் எவ்வளவு நுணுக்கமாக வண்ணம் அடித்தாலும் பொம்மையாகவே நிற்கும்.

கூரைக்கு மான்சார்ட் வடிவத்தை எடுத்துக்கொண்டேன். நான்கு பக்கமும் செங்குத்தாகச் சரிந்து, உச்சியில் ஏறக்குறைய தட்டையாக முடியும் கூரை அது. 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் அதைப் பரவலாக்கியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பேய் வீடு என்றதும் உலகம் முழுக்க இந்தக் கூரை மனத்தில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1860, 70களில் அமெரிக்காவில் வசதி படைத்தவர்கள் இந்த வடிவத்தில் ஏராளமாக வீடு கட்டினார்கள். கொஞ்ச காலத்திலேயே அது பழைய மோஸ்தராகிவிட்டது. பராமரிக்கச் செலவு பிடிக்கும் பெரிய மர வீடுகள். அடுத்த தலைமுறையில் பல வீடுகள் கவனிப்பாரற்றுப் போயின. எட்வர்ட் ஹாப்பர் 1925இல் வரைந்த ‘ரயில் பாதையோர வீடு’ ஓவியத்தில் நிற்பது இந்த ஜாதி வீடுதான். அதில் பேய் எதுவும் இல்லை. வெயில் அடிக்கும் பகல், ஒரு வீடு, முன்னால் குறுக்கே ஓடும் தண்டவாளம், ஆள் அரவமே கிடையாது. அந்த ஓவியத்தின் படத்தை வேலை முடியும்வரை மேசையில் வைத்திருந்தேன்.

பெட்டியின் மேல்தாள் வழவழப்பானது, பெயின்ட் பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுத்தேன். ஜன்னல்கள் 14 மி.மீ. அகலம், 32 மி.மீ. உயரம், அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரமாக இருப்பதுதான் அந்தக் காலத்து முகத்தைக் கொடுக்கிறது. உள்ளே ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து, புது பிளேடால் லேசாகப் பலமுறை கீறினேன். ஒரே அழுத்தில் அறுக்கப் போனால் பிளேடு வழுக்கும், ஓரமும் பிசிறடிக்கும். மூலைகளில் மட்டும் முதலில் பிளேடு முனையை நேராகக் குத்தி இறக்கிவிட்டால் வெட்டு அதைத் தாண்டி ஓடாது.

சுவருக்கு ஐஸ்கிரீம் குச்சியை வரிசையாக ஒட்டுவது பலரும் செய்வது. இந்த விகிதத்தில் அது பொருந்தாது. குச்சியின் தடிமன் 2 மி.மீ.; 48ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 செ.மீ. அவ்வளவு தடிமனான பலகையில் யாரும் சுவர் அடிப்பதில்லை. தானிய அவல் பெட்டியின் மெல்லிய அட்டையை 4 மி.மீ. பட்டைகளாக நறுக்கி, அடியிலிருந்து மேலாக, ஒவ்வொரு பட்டையும் கீழே உள்ளதன்மேல் 1 மி.மீ. ஏறி நிற்கும்படி ஒட்டினேன். மழைத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க நிஜப் பலகைச் சுவரும் இப்படித்தான் அடிக்கப்படுகிறது. வெள்ளைப் பசை காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் வெளியே பட்டை ஒட்டிய அன்றே உட்புறமும் ஒரு கை பெயின்ட் அடித்துவிட்டேன். இரண்டு பக்க இழுப்பும் சமமாகிச் சுவர் நேராக நின்றது.

அந்த உட்புறப் பெயின்ட் முதலில் கறுப்பு, அது காய்ந்ததும் அதன்மேல் வெள்ளை. கறுப்பு, அட்டை வழியாக வெளிச்சம் கசிவதைத் தடுக்க. வெள்ளை, உள்ளே இருக்கிற சின்ன வெளிச்சத்தைச் சிதறடித்து ஜன்னலுக்கு அனுப்ப. பெட்டியின் மூலைகள் உண்மையில் வெறும் தாளால்தான் இணைந்திருக்கின்றன. இருட்டில் விளக்கைப் போட்டால் நான்கு மூலையிலும் மெல்லிய ஒளிக்கோடு தெரியும். உள்மூலை எல்லாவற்றிலும் அலுமினியத் தாள் பட்டை ஒட்டினேன். வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும்தான் வர வேண்டும். வேறெங்கிருந்து ஒரு துளி வந்தாலும் வீடு மறுபடி பெட்டியாகிவிடுகிறது.

கூரை ஓடுகள் அதே மெல்லிய அட்டையில். 9 மி.மீ. பட்டை எடுத்து, கீழ் விளிம்பிலிருந்து 5 மி.மீ. ஆழத்துக்கு, நாலரை மி.மீ.க்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு நாக்கின் முனையையும் கத்தரியால் வளைத்துவிட்டால் மீன் செதில். இந்தக் கூரைகளில் இருந்த கற்பலகை ஓடுகள் பெரும்பாலும் இப்படி வளைவாகவோ அறுகோணமாகவோ வெட்டப்பட்டிருந்தன. அடியிலிருந்து வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையும் அரை ஓடு தள்ளி ஒட்டினேன். பொறுமையைக் கேட்கிற வேலை, ஆனால் மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கூரையில் ஒரு மாடக்குழி ஜன்னல். அதன் வட்டத்தைக் கோப்புத் தாள்களில் துளைபோடும் பஞ்ச் கருவியாலேயே போட்டுவிடலாம். அதன் துளை 6 மி.மீ., இந்த விகிதத்தில் 29 செ.மீ. குறுக்களவு.

முன் தாழ்வாரம், தூண், கதவு மூன்றும் மரத்திலேயே. அதற்கு மட்டும் குச்சிகளை நீளவாக்கில் பிளந்து, உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டேன். வெயிலில் கிடந்த மரத்தின் அந்தச் சாம்பல் நிறத்தைப் பெயின்டில் கொண்டுவருவது கஷ்டம், வினிகரில் வரும். ஒரு கண்ணாடிக் குப்பியில் வினிகர் ஊற்றி, மெல்லிய இரும்பு நாரைப் போட்டு ஓரிரு நாள் வைத்தால் இரும்பு கரைந்து இரும்பு அசிட்டேட் உண்டாகிறது. பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத நார் இதற்கு உதவாது. கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், எனவே மூடியை இறுக்கக் கூடாது. இந்தக் கரைசல் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்துதான் கருக்கும். ஐஸ்கிரீம் குச்சிக்குப் பெரும்பாலும் பயன்படும் பிர்ச் மரத்தில் டானின் குறைவு. அதனால் குச்சிகளை முதலில் கடுந்தேயிலைச் சாற்றில் ஊறவைத்துக் காயவிட்டேன். பிறகு கரைசலை பிரஷ்ஷால் தடவியபோது, கண்ணெதிரே, இழை இழையாக நிறம் மாறத் தொடங்கியது. முதலில் லேசான நீலச் சாம்பல், அப்புறம் கணுப் பக்கம் கருமை. இரண்டு குச்சி ஒரே மாதிரி வரவில்லை, அதுதான் வேண்டியதும். இதையெல்லாம் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பசை பட்ட இடம் சாயத்தைக் குடிக்காது, வெளிறிய திட்டாக நிற்கும்.

இவ்வளவும் ஆனதும் கைக்கு ஒரு முழு வீடு வந்தது. வெளிர் மஞ்சளும் மங்கிய பச்சையும் அடித்தால் குடியேறிவிடலாம் போன்ற வீடு. இனி அதைக் கெடுக்க வேண்டும்.

எங்கே பார்த்தாலும் ஒரே அளவு அழுக்கைத் தடவினால் வீடு பழசாவதில்லை, அழுக்காக மட்டும் தெரிகிறது. நிஜ வீடு ஏதோ ஓர் இடத்தில்தான் முதலில் கெடுகிறது. நான் தேர்ந்தெடுத்த இடம் இடப்பக்கக் கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் தாரையின் ஒரு மூட்டு. அந்த மூட்டு விட்டுப்போனது. அதுதான் இந்த வீட்டின் கதை. அதன்பின் தண்ணீர் போகும் வழியில் போனேன். மூட்டுக்கு மேலே கூரையின் கீழ் வரிசையில் மூன்று ஓடுகளை நிமிண்டி எடுத்தேன். கீழே சுவரில் அகலமான ஓர் ஈரத்தடம். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் அடியில் தாழ்வாரக் கூரை நைந்து தொய்ந்திருக்கிறது, அதைத் தாங்கிய தூணின் அடி உளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கத் தூண் இன்னும் நேராகத்தான் நிற்கிறது. ஒன்று சாய்ந்து ஒன்று நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது இந்த வீடு இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். இரண்டையும் சாய்த்திருந்தால் அது தோன்றாது.

பெயின்ட் உரிவதற்கு மெழுகுவத்தி போதும். பலகைப் பட்டைகளுக்கு முதலில் சாம்பல் கலந்த பழுப்பு அடித்தேன். காய்ந்ததும், பட்டைகளின் கீழ் விளிம்பிலும், ஜன்னல் சட்டத்தின் அடியிலும், பலகை முனைகள் சேரும் இடத்திலும் மெழுகுவத்தி நுனியைத் தேய்த்தேன். மரத்தின் வெட்டுமுனை நீளவாட்டத்தை விடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், அதனால் பெயின்ட் முதலில் அங்கேதான் விடுகிறது. அதன்மேல் வெளிர் மஞ்சள். அது காய்ந்த பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து அடியிலுள்ள ‘மரம்’ தெரிகிறது. ஜன்னல் சட்டத்தடியில் ஓரிடத்தில் பெயின்ட் முழுவதும் உதிராமல் ஒரு மி.மீ. அளவுக்குச் சுருண்டு தொங்கியது. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

பிறகு அழுக்குத் தண்ணீர். ஒரு பங்கு அடர் பழுப்பு அக்ரிலிக், பத்துப் பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்று வட்ட வட்டமாகக் கறை விடும். இருந்தால் இடுக்குகளைத் தேடி ஓடும். ஒவ்வொரு ஜன்னல் படியின் இரண்டு முனையிலிருந்தும் கீழ்நோக்கி ஓர் இழுப்பு. தரையிலிருந்து 6, 7 மி.மீ. உயரம் வரை மண் நிறம். மழைத்துளி தரையில் பட்டுத் தெறிக்கும் சேறு சுவரில் ஓரடி உயரத்துக்கு ஏறும் அல்லவா, அது. சூரியன் படாத பக்கத்தில் மட்டும் பாசிப்பச்சை.

வெளிப்பக்கத்தில் கறுப்பை எங்கும் நேரடியாகப் பயன்படுத்தவில்லை. 30 செ.மீ. தூரத்திலிருந்து இந்த வீட்டைப் பார்ப்பது, நிஜ வீட்டை 14 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் காற்றும் வெளிச்சமும் எல்லா நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைத்துவிடும். கூரைக்கு நீலம் கலந்த அடர் சாம்பல் அடித்து, காய்ந்த பிரஷ்ஷில் வெளிர் சாம்பல் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, ஓட்டு விளிம்புகளை மட்டும் வருடிவிட்டேன்.

அடுத்தது வெளிச்சம். சுடர்போல மினுக்கும் எல்.இ.டி.க்களும் கிடைக்கின்றன, அசைவில்லாத மங்கிய மஞ்சள்தான் இந்த வீட்டுக்குச் சரி என்று பட்டது. மஞ்சள் எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி 3 வோல்ட் தரும். மிஞ்சும் 1 வோல்ட்டுக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றை 100 ஓமில் வைத்தால் 10 மில்லியாம்பியர் ஓடும். நான் 220 ஓம் வைத்தேன், நாலரைதான் ஓடும். இருட்டில் அதுவே அதிகம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனி ரெசிஸ்டர், நீளக் கால் பாசிட்டிவ். எல்.இ.டி.யின் முனை ஒளியை ஒரே திசையில் குவிக்கும். உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினால் அறை முழுதும் பரவும்.

வட்ட பட்டன் பேட்டரி சின்னது, வசதியானதுதான். ஆனால் ஹாலோவீன் பொம்மை என்றால் குழந்தைகள் கை படாமல் இருக்காது. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. அதனால் அதைத் தொடவே இல்லை. ட்ரிபிள் ஏ பேட்டரி வைத்த கூட்டையும் திருகாணி போட்டு மூடினேன்.

ஜன்னல்களுக்குப் பின்னால் டிரேசிங் பேப்பர், தேயிலைச் சாற்றில் நனைத்துக் காயவைத்தது. எல்லா ஜன்னலிலும் விளக்கு எரிந்தால் அது விருந்து நடக்கும் வீடு. கீழ்த்தளம் முழுவதும் இருட்டு. ஒரு ஜன்னலில் குறுக்கே பலகை அடித்திருக்கிறது. மாடக்குழியில் மிக மங்கலாக ஒன்று. மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். அங்கே யாரோ நிற்கிறார்கள்.

அந்த ‘யாரோ’வுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். உருவத்தை டிரேசிங் பேப்பரிலேயே ஒட்டினால் நிழல் கத்திமுனைக் கூர்மையாக விழும், அட்டை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். தாளிலிருந்து பின்னால் நகர்த்த நகர்த்த விளிம்பு கலங்கும். உருவம் தாளுக்கு 10 மி.மீ. பின்னால், எல்.இ.டி. அதற்கும் 30 மி.மீ. பின்னால், விளக்கின் முகம் 5 மி.மீ. அகலம் என்பதால் விளிம்புக் கலக்கம் ஒன்றரை மி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். முகம் தெரியாது, தலை சாய்ந்திருப்பது தெரியும். இதில் கவனிக்க வேண்டியது, பின்னால் போகப் போக நிழல் பெரிதாகும். இந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். 35 மி.மீ. நிழல் வேண்டுமானால் உருவத்தை 26 மி.மீ. உயரத்தில்தான் வெட்ட வேண்டும். ஜன்னலின் நட்டநடுவில் நிறுத்தாமல் ஓரமாக, பாதி சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும்படி வைத்தேன். ஒளிந்துகொண்டு நம்மைப் பார்ப்பவர்கள் அப்படித்தானே நிற்பார்கள்.

தரைக்குக் கசக்கிய டிஷ்யூ பேப்பர், பசை, அதன்மேல் நன்றாகக் காயவைத்த தேயிலைச் சக்கை. ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே வாணலியில் லேசாக வறட்டினேன். மரத்துக்கு மெல்லிய கம்பிகளை ஒரு கட்டாக முறுக்கி, மேலே போகப் போகக் கிளை பிரித்து, பசை தடவிய டிஷ்யூ சுற்றினேன். வேலிக்குப் பல்குத்தும் குச்சி. சிலந்தி வலை வைக்கவில்லை. 1:48இல் பஞ்சின் ஓர் இழைகூடத் தடித்த நூல் அளவுக்கு வந்துவிடும்.

வாசற்படியில் இரண்டே பொருள். காற்றில் உலரும் களிமண்ணில் 7 மி.மீ. பூசணிக்காய் ஒன்று, ஊசியால் கோடு இழுத்தது. பக்கத்தில் அதைவிடச் சின்னதாக, வெளிறிய நிறத்தில் ஒரு டர்னிப் கிழங்கு. ஹாலோவீன் விளக்கு பூசணிக்காயில் பிறந்ததில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப்பைக் குடைந்துதான் முகம் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்கு அங்கே குடைவதற்கு எளிதாகப் பூசணி கிடைத்தது. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டோனகல் பகுதியைச் சேர்ந்த அப்படி ஒரு டர்னிப் விளக்கின் வார்ப்பு இருக்கிறது. குழிந்த கண், ஒழுங்கற்ற பல். சிரிக்கும் பூசணி எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. என் டர்னிப்பில் கண்ணும் வாயும் ஊசிமுனை அளவுதான், ஆனாலும் வீட்டில் எல்லோரும் மாடி ஜன்னலுக்கு அடுத்தபடி பார்ப்பது அதைத்தான்.

முதுகுப்பக்கம் ஓர் அட்டையை மேல் விளிம்பில் மட்டும் துணி டேப்பால் ஒட்டிக் கதவாக்கியிருக்கிறேன்; தூக்கினால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும். மாடி உருவத்தையும் நிலையாக ஒட்டவில்லை. ஒரு காடியில் செருகித்தான் நிற்கிறது. பகலில் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து, அதை அடுத்த ஜன்னலுக்கு மாற்றி வைத்துவிடுகிறேன்.